கட்டளைக்குப் பெயரும் எல்லையும்

வன்னி நிலத்திலே ஊர்ப்பெயர்கள் பலவும் குளம் என்னும் சொல்லோடு முடிவன. வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலுள்ள நெளுக்குளமும் அவற்றுள் ஒன்று. குளத்தைச் சார்ந்து வயலும், வயலைச் சார்ந்து வாழ்வும் அமைந்த இத்தகைய ஊர்களிலே ஒருவருடைய வயலுக்கு வழி கேட்டால், இங்கிருந்து எண்ணூறு அடி நடவுங்கள், பின்னர் இடப்புறமாக இருநூறு அடி நடவுங்கள் என்று எவரும் விடை கூறுவதில்லை. குளக்கட்டாலே போய், துருசடியிலே இறங்கி, இரண்டாம் வாய்க்காலிலே திரும்பினால் மூன்றாவது வயல் என்றே கூறுவர். அடிக்கணக்கு நடப்பவரின் காலுக்கேற்ப மாறும். குளமும் துருசும் வாய்க்காலும் வயலும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து அமைந்த முறையோ எளிதில் மாறுவதில்லை. ஆகவே அமைப்பைக் கொண்டு வழி சொல்வதே உறுதியான வழியாகும்.

கணினியிலே செய்நிரல் எழுதுவோர்க்கும் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுவதாகும். செய்நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளை உரைத் தொகுப்பான் என்பர். திரையிலே எழுத்துகளுக்கிடையில் மின்னி மின்னி நிற்கும் சிறு கோடு நிலைகாட்டி எனப்படும். எழுதுவதும் அழிப்பதும் அந்நிலைகாட்டி நிற்கும் இடத்திலேயே நிகழும். எனவே அதனை வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்வது தொகுப்பு வேலையிற் பெரும்பங்காகும். விசைப்பலகையின் அம்புக்குறிகள் அதனை எழுத்தெழுத்தாகவும் வரிவரியாகவும் நகர்த்தும். இஃது அடிக்கணக்கு. மற்றொரு முறையும் உண்டு. செய்நிரலின் உறுப்புகள் ஒன்றற்குள் ஒன்றாக எவ்வாறு அமைந்துள்ளனவோ, அவ்வமைப்பின் வழியே நிலைகாட்டியை நகர்த்தும் கட்டளைகள் சில உள. அக்கட்டளைகளுக்கு எவ்வாறு பெயரிடுவது, அவற்றை எவ்வாறு வரையறுப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

நெளுக்குளத்திலே உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவி ஒருத்தி, பல ஆண்டுகளின் மழைவீழ்ச்சிப் பதிவைக் கொண்டு காலபோகத்துக்குரிய மாதங்களின் மொத்தத்தைக் கணிக்கும் செய்நிரலொன்றைப் பைதன் மொழியிலே எழுதுகின்றாள் எனக் கொள்க. முழு வேலையையும் செய்யும் சார்பு ஒன்று எல்லாவற்றையும் சூழ்ந்து வெளியே நிற்கும். அதற்குள்ளே ஆண்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும் மீள்செயல் ஒன்று. அதற்குள்ளே மாதம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும் மீள்செயல் மற்றொன்று. அதற்கும் உள்ளே, பதிவில்லாத மாதமாயின் விட்டுவிடுக என்னும் நிபந்தனை. இவ்வாறு நான்கு அடுக்குகள். நிபந்தனையிலே நிற்கும் நிலைகாட்டியை ஆண்டுக்குரிய மீள்செயலுக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின் அம்புக்குறியால் எத்தனை வரி ஏறவேண்டும்? இன்று நான்கு வரியாக இருப்பது, இடையிலே இரண்டு வரி சேர்த்தபின் நாளை ஆறு வரியாகும். ஆனால், சூழ்ந்திருக்கும் உறுப்புக்குச் செல்க என்றொரு கட்டளை இருப்பின், இன்றும் நாளையும் அதனை இருமுறை இட்டாற் போதும்.

இத்தகைய கட்டளைகள் புதியன அல்ல. ஜோன் மக்கார்த்தி 1958ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் என்னும் மொழியில், செய்நிரல் முழுவதும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகவே அமையும். அம்மொழியைக் கையாண்டோர் அடைப்புகளைத் தாண்டவும், அவற்றினுள் இறங்கவும், அவற்றிலிருந்து ஏறவும் கட்டளைகளை வேண்டினர். 1976இல் அதே நிறுவனத்திலே றிச்சட் ஸ்டோல்மன், கை ஸ்டீல் முதலியோரின் முயற்சியால் உருவாகிய ஈமாக்ஸ் என்னும் தொகுப்பானின் மரபில் அத்தகைய கட்டளைகள் நிலைபெற்றன. அதே ஆண்டிற் கலிபோர்னியாவின் பேர்க்கிலியிலே பில் ஜோய் எழுதத் தொடங்கிய வீ-ஐ என்னும் தொகுப்பானின் மரபிலோ, அடைப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுவதற்குச் சதவீதக் குறி ஒன்றே போதியதாயிற்று.

பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பிரித்தறிவது தமிழிலக்கண மரபு. சதவீதக் குறிக்கும் அடைப்புக்குறிகளைப் பொருத்துவதற்கும் இயல்பான தொடர்பு யாதுமில்லை. ஆகவே அஃது இடுகுறி. ஈமாக்ஸின் பெயர்களோ காரணப்பெயர்கள். எனினும் காரணம் மறைந்தால் காரணப்பெயரும் இடுகுறிபோல ஆகிவிடும். ஒரு சார்பின் தொடக்கத்துக்குச் செல்லும் கட்டளைக்கு அங்கே 'பிகினிங் ஒஃப் டீஃபன்' என்று பெயர். டீஃபன் என்பது லிஸ்ப் மொழியிலே சார்பொன்றை வரையறுக்கும்போது எழுதப்படும் சொல். இன்று பைதன் மொழியை எழுதுவோரும் அக்கட்டளையை அப்பெயராலேயே அழைக்கின்றனர். லிஸ்ப் அறியாத மாணவிக்கு அப்பெயர் எதனையும் உணர்த்தாது. பெயரிட்டோர் தம் காலத்துக் கருவியின் பெயரை வைத்தனர். செயலின் பெயரை வைத்திலர்.

அமைப்பின் வழியே செல்லும் முறை மற்றொரு திசையிலும் வளர்ந்தது. 1971இல் வில்பிரட் ஹான்சன் தம் ஆய்வின் பகுதியாக எமிலி என்னும் தொகுப்பானை விவரித்தார். 1981இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் ரைற்றல்போம், தோமஸ் றெப்ஸ் ஆகிய இருவரும் தம் செய்நிரல் தொகுப்பமைப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். இவற்றிலே செய்நிரல் எழுத்துகளின் வரிசையாகவன்றி, கிளைத்த மரமாகவே கொள்ளப்பட்டது. ஆனால் மரத்தின் விதிக்கு அடங்காத அரைகுறை வடிவங்களை எழுதிப் பார்க்கும் உரிமை பெரிதும் குறைந்தமையால், இத்தகைய தொகுப்பான்கள் எழுத்துவழித் தொகுப்பான்களின் இடத்தைப் பெறவில்லை. அண்மைக்காலத்தில் மக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் என்பார் உருவாக்கிய ட்ரீ-சிற்றர் என்னும் கருவி இவ்விரு முறைகளையும் இணைத்தது. எழுதுவோர் வழக்கம்போல எழுத்தெழுத்தாக எழுதுவர். கருவியோ பின்னணியிலே நின்று, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதன் மரவடிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். பிழையுள்ள பகுதியிருப்பினும் எஞ்சிய பகுதியின் அமைப்பை இயன்றவரை அறிந்து கூறும். 2023இல் வெளியான ஈமாக்ஸ் 29ஆம் பதிப்பிலும் இக்கருவிக்கு இடமளிக்கப்பட்டது. இதனாற் பழைய கட்டளைகளுக்குப் புதிய வலிமை கிடைத்தது. பெயரிடும் சிக்கலும் புதிதாகத் தலைதூக்கிற்று.

மரவடிவு என்பது யாது? தமிழ் நேயர் யாவரும் அறிந்த திருக்குறளின் அமைப்பே அதற்குத் தக்க சான்றாகும். நூல் ஒன்று, அதன்கீழ் முப்பால், பாலின்கீழ் இயல்கள், இயலின்கீழ் அதிகாரங்கள், மொத்தம் 133, ஒவ்வோர் அதிகாரத்தின்கீழும் பத்துக் குறள்கள், மொத்தம் 1330. கணினியியலார் இத்தகைய அமைப்பை உறவுமுறைச் சொற்களாலேயே விளக்குவர். அதிகாரம் தாய், அதன் பத்துக் குறள்களும் பிள்ளைகள், அப்பத்தும் தம்முள் உடன்பிறந்தன. இவ்வமைப்பில் நடப்பதற்கு அடிப்படையாக நான்கு செலவுகளே வேண்டும். தாயிடம் ஏறுதல், முதற்பிள்ளையிடம் இறங்குதல், உடன்பிறந்தவற்றுள் அடுத்ததற்குச் செல்லுதல், முந்தியதற்குச் செல்லுதல் என்பன அவை.

இனி, நிலைகாட்டி 240ஆம் குறளில் நிற்கின்றதெனக் கொள்க. அது புகழ் என்னும் அதிகாரத்தின் பத்தாம் குறள். புகழோ, பரிமேலழகர் வகுத்த முறைப்படி, இல்லறவியலின் இறுதி அதிகாரம். இங்கே நின்று, அடுத்ததற்குச் செல்க என்று கட்டளையிட்டால் நிலைகாட்டி எங்கே செல்லவேண்டும்? படிப்பவர் 241ஆம் குறளுக்கு என்பர். வரிசை முறையில் அது சரியே. ஆனால் 241ஆம் குறள் 240ஆம் குறளின் உடன்பிறப்பு அன்று. அது துறவறவியலிலே அருளுடைமை என்னும் வேறோர் அதிகாரத்தின் முதற்பிள்ளை. அமைப்பு முறையிற் செல்வதாயின், குறளிலிருந்து புகழ் என்னும் அதிகாரத்துக்கு ஏறி, அங்கிருந்து இல்லறவியலுக்கு ஏறி, அடுத்த இயலாகிய துறவறவியலுக்குச் சென்று, அதன் முதலதிகாரமாகிய அருளுடைமைக்கு இறங்கி, மீண்டும் அதன் முதற்குறளுக்கு இறங்க வேண்டும். ஐந்து கட்டளைகள்! வரிசை முறையில் ஓர் அடியாக இருந்தது அமைப்பு முறையில் ஐந்து அடியாயிற்று. அவ்வைந்தும் வீணல்ல. இல்லறம் முடிந்து துறவறம் தொடங்கியது என்னும் செய்தியை அவை சொல்லிச் செல்கின்றன.

ஆகவே 'அடுத்தது' என்னும் ஒரு சொல்லுக்குள்ளே இரு வேறு கட்டளைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எல்லையைக் கடந்து செல்வது. மற்றொன்று எல்லையிலே நின்றுவிடுவது. ஈமாக்ஸிலே அடுத்த சொல்லுக்குச் செல்லும் கட்டளை அடைப்புக்குறிகளைப் பொருட்படுத்தாது கடந்து செல்லும். அடுத்த கோவைக்குச் செல்லும் கட்டளையோ, அடைப்பின் முடிவை அடைந்தவுடன் மேலே நகராது, சூழ்ந்த கோவை முடிந்துவிட்டது என்று எச்சரித்து நிற்கும். பெயரளவில் இரண்டும் முன்னோக்கிச் செல்வனவே. எல்லையில் நடந்துகொள்ளும் முறையினாலேயே அவை வேறுபடுகின்றன.

எனவே ஒரு செலவுக் கட்டளையை வரையறுப்போர் நான்கு வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும். முதலாவது, எந்த உறுப்பிலிருந்து புறப்படுகின்றது? நிலைகாட்டி ஒரே இடத்தில் நின்றாலும் அவ்விடம் சொல்லுக்கும், அச்சொல் அடங்கிய கோவைக்கும், அக்கோவை அடங்கிய வரிக்கும் தொடக்கமாக இருத்தல் கூடும். இரண்டாவது, எவ்வெவ் உறுப்புகள் கணக்கிற் சேரும்? முன்னர்க் கூறிய மழைவீழ்ச்சிச் செய்நிரலிலே மீள்செயலுக்கும் அதனுள்ளிருக்கும் நிபந்தனைக்கும் இடையில், உள்வரிகளின் தொகுதி என்றோர் உறுப்பை ட்ரீ-சிற்றர் காண்கின்றது. அதனையும் ஒரு படியாகக் கொண்டால் இருமுறை இடவேண்டிய கட்டளையை நான்குமுறை இடவேண்டிவரும். காற்புள்ளியும் அடைப்புக்குறியும்கூட மரத்தில் உறுப்புகளே. அதனாலன்றோ அக்கருவி உறுப்புகளைப் பெயருள்ளன, பெயரில்லன என இருவகையாக்கிற்று! மூன்றாவது, சென்றடைந்தபின் நிலைகாட்டி உறுப்பின் தலையில் நிற்குமா, முடிவில் நிற்குமா? ஈமாக்ஸிலே சூழ்ந்த அடைப்புக்கு ஏறுவதற்கு இரு கட்டளைகள் இருப்பதன் காரணம் இதுவே. ஒன்று தொடக்க அடைப்பின் முன்னும், மற்றொன்று முடிவு அடைப்பின் பின்னும் கொண்டுபோய் விடும். நான்காவது, செல்ல இடமில்லையாயின் என்ன நிகழும்? நிற்குமா, எச்சரிக்குமா, தானே தாயிடம் ஏறிவிடுமா? இந்நான்கனுள் ஒன்றை விட்டாலும் அவ்வரையறை, நூற்குற்றங்களுள் ஒன்றாக நன்னூலார் எண்ணிய குன்றக் கூறல் என்னும் குற்றத்துக்கு ஆளாகும்.

இக்கட்டளைகளைத் தமிழில் அழைக்க முற்படுங்கால் வேறொரு குற்றமும் வந்து சேரும். அது மயங்க வைத்தல். ஆங்கிலப் பெயர்களை அகராதியின் துணைகொண்டு பெயர்த்தால், முன்னோக்கிய செலவுக்கு 'முன்' என்னும் சொல் வரும். ஆனால் தமிழிலே முன் என்பது முகத்துக்கு எதிரேயுள்ள இடத்தையும் குறிக்கும். கழிந்த காலத்தையும் குறிக்கும். முன்னே செல் என்றால் எதிரே செல். முன்னர்ச் சொன்னது என்றால் கடந்துபோனது. பின் என்னும் சொல்லும் அவ்வாறே இரு திசையும் காட்டும். மேல் என்னும் சொல்லோ இன்னும் மயக்கம் தருவது. மேலே ஏறு என்றால் உயரத்துக்கு ஏறுதல்; மேலே சொல்லுங்கள் என்றால் தொடர்ந்து சொல்லுதல். தாயிடம் ஏறும் கட்டளைக்கு 'மேலே செல்' என்று பெயரிட்டால், கேட்போருள் ஒருவர் அடைப்பைவிட்டு ஏறுவார். மற்றொருவர் தொடர்ந்து அடுத்ததற்குச் செல்வார். இருவரும் தமிழ் அறிந்தவரே. இனி, 'வெளியேறு' எனலாமோவெனில், செயலியை மூடிவிட்டு நீங்குவதற்குக் கணினியிலே அச்சொல் முன்னமே வழங்கிவருகின்றது.

உறவுமுறையைக் குறிப்பதற்குத் தமிழிலுள்ள செழுமை இங்கே கைகொடுக்கின்றது. ஆங்கிலத்திலே உடன்பிறப்பைக் குறிக்கும் சொல் மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாட்டைக் காட்டாது. எனவே அதனோடு முந்திய, அடுத்த என்னும் அடைகளைச் சேர்க்கின்றனர். தமிழரோ அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று சொல்லும்போதே வரிசையையும் சொல்லிவிடுகின்றனர். அம்முறையிலே முந்திய உடன்பிறப்பை மூத்தது என்றும், அடுத்த உடன்பிறப்பை இளையது என்றும், சூழ்ந்த உறுப்பைத் தாய் என்றும், உள்ளே முதலில் நிற்பதைத் தலைப்பிள்ளை என்றும் அழைக்கலாம். 240ஆம் குறளுக்கு இளையது இல்லை என்றால் எவர்க்கும் ஐயம் எழாது. கடைக்குட்டிக்குத் தம்பி இல்லையென்பதை விளக்கவும் வேண்டுமோ? எல்லையில் நிற்றல் என்னும் இலக்கணம் பெயரிலேயே அடங்கிவிட்டது. ஆயினும் இப்பெயர்களும் குறையற்றன அல்ல. மூத்தது என்பதைப் பழைய பதிப்பு என்று பிறழ உணர்வோரும் இருத்தல் கூடும். அதனாலேயே பெயர் எத்துணைச் சிறந்ததாயினும் வரையறையும் உடன்செல்ல வேண்டியதாகின்றது.

சொல்லைத் தேடி அடைவது வேறு, அமைப்பை அறிந்து அடைவது வேறு என்பதற்கு எழில் என்னும் செய்நிரல் மொழி நல்ல எடுத்துக்காட்டு. முத்து அண்ணாமலை என்பவரால் உருவாக்கப்பட்ட இம்மொழியின் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்தவை. சார்பொன்று நிரல்பாகம் என்று தொடங்கி, முடி என்று முடியும். நிபந்தனையும் முடி என்றே முடியும், மீள்செயலும் அவ்வாறே. ஒன்றற்குள் ஒன்றாக மூன்று அடுக்குகள் இருப்பின், இறுதியிலே முடி, முடி, முடி என மூன்று வரிகள் நிற்கும். முடி என்னும் சொல்லைத் தேடுவோர்க்கு அதன் உருவம் கிடைக்கும். எது எதனுடைய முடிவு என்பது கிடைக்காது. அதனை அமைப்பறிந்த கட்டளையே காட்டவல்லது.

கண்ணாற் பார்த்து எழுதுவோர்க்கு இக்கட்டளைகள் நேரத்தைச் சேமித்துத் தருவன. காதாற் கேட்டு எழுதுவோர்க்கோ இவை இன்றியமையாதன. திரையிலுள்ளதைக் குரலாக மாற்றும் மென்பொருள் வரிவரியாகப் படித்துச் செல்லும்போது, எந்த அடுக்கில் நிற்கின்றோம் என்பது கேட்போர்க்கு எளிதிற் புலப்படாது. புனேயிலே பிறந்து இளமையிற் பார்வையை இழந்த ரி. வி. ராமன் என்னும் கணினியியலார் இக்குறையைத் தீர்க்க முயன்றோருள் முதன்மையானவர். 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே அவர் நிறைவேற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வு, கணிதக் கோவைகளை மரவடிவாகக் கொண்டு, கேட்போர் தாம் வேண்டிய கிளைக்குச் சென்று கேட்கும் வழியை வகுத்தது. 1995இல் அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், ஈமாக்ஸ் தொகுப்பானைப் பேச வைத்தது. நிலைகாட்டி எந்த உறுப்பை அடைந்ததோ அதனைச் சொல்லிக்காட்டும் தொகுப்பானிலே, அமைப்புவழிச் செலவு கேட்போர்க்கு ஊன்றுகோலாகின்றது. எல்லையை அடைந்ததும் கட்டளை வாளா நின்றுவிட்டால், பார்ப்பவர் கண்ணாற் கண்டுகொள்வர். கேட்பவரோ விசை பழுதாயிற்றோ என்று ஐயுறுவர். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடும்போர் வன்னியிலே பலருடைய கண்ணொளியைப் பறித்தது. அவர்களுக்கும் கணினித் தொழிலின் வாயில் திறக்கப்படவேண்டுமாயின், கட்டளையின் எல்லையைக் குரலிலே தெளிவாக அறிவிப்பது சிறு செய்தி ஆகாது.

பெயர் மாறினும் வரையறை மாறாது என்பதை மாணவர் விரைவிலேயே உணரவேண்டிய நிலையும் இங்கு உண்டு. பாடசாலையில் தமிழிற் பயின்றவர், நெளுக்குளத்துக்கு அப்பாலே பம்பைமடுவில் அமைந்துள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலச் செல்லும்போது ஆங்கிலமொழி மூலமே பயில்வர். முன்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த அந்நிறுவனம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தாய், இளையது என்னும் சொற்களோடு நான்கு வினாக்களுக்கும் விடையறிந்து செல்லும் மாணவர்க்கு, ஈமாக்ஸ் ஒரு பெயரையும் மற்றொரு தொகுப்பான் வேறொரு பெயரையும் வழங்கினாலும் தடுமாற்றம் நேராது. ஹெலிக்ஸ் என்னும் புதிய தொகுப்பான் தாயிடம் ஏறுவதைத் தெரிவை விரித்தல் என்று அழைக்கின்றது. நிலைகாட்டி நகர்வதாக எண்ணாது, தெரிவுசெய்த பகுதி பெருகுவதாக எண்ணியமையால் வந்த பெயர் அது. பெயரை மட்டும் மனனம் செய்தவர்க்கு அது புதிய பாடம். வரையறையை அறிந்தவர்க்கோ பழைய பாடத்தின் மறுபெயர்.

ஈழத்துத் தமிழர்க்கு இப்பணி முற்றிலும் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் மருந்துகளுக்கும் தமிழ்ப் பெயர்களைத் தேடி நூல்களை வெளியிட்டார். நோயாளியின் உயிர் சொல்லின் தெளிவைச் சார்ந்து நின்ற துறை அது. உறுப்பின் பெயரோடு அதன் இருப்பிடமும் தொழிலும் எல்லையும் கூறப்பட்டாலன்றி மாணவர் கத்தியைக் கையிலெடுக்க இயலாது. கணினிக் கட்டளைக்கும் அந்த ஒழுங்கே தகும். கலைச்சொல் ஆக்குவோர் ஒரு சொல்லை எழுதியவுடன் பணி முடிந்ததென அமையாது, அச்சொல் எங்கிருந்து புறப்படுகின்றது, எவற்றைக் கணக்கிற் கொள்கின்றது, எங்கே நிற்கின்றது, வழியில்லாதபோது என்ன செய்கின்றது என்பவற்றையும் அதன் அருகிலேயே எழுதி வைப்பாராயின், அச்சொல்லைக் கொண்டு படிப்போரும் கேட்போரும் ஒருங்கே பயன்பெறுவர்.